மலைநாட்டுத் தேயிலையும் உலக நாடுகளின் காலநிலை உடன்படிக்கைகளும்

காற்றுக்கு நாட்டெல்லை இல்லை. ஓரிடத்து ஆலைப்புகை எல்லா நாடுகளின் வானிலும் கலக்கின்றது. அதனால் மிகும் வெப்பமோ அதற்குச் சிறிதும் காரணராகாத மக்களையும் வருத்துகின்றது. ஆதலின் காலநிலை மாற்றத்தை ஒரு நாடு தனித்து நின்று தடுத்தல் இயலாது. நாடுகள் கூடி விதி வகுத்தல் வேண்டும். அவ்விதிகள் எவ்வாறு அமைந்தன, ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களை அவை எவ்வளவு எட்டியுள்ளன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலை வானத்தை நம்பி வாழும் பயிர். மழை பொய்த்தால் கொழுந்து குறையும். மிகையாகப் பெய்தால் சரிவுகளின் மேல்மண் கரைந்தோடும். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து சேராத நாளை ‘அரைப்பேர்’ எனக் கணக்கிடும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. எனவே, வானத்தின் குறை தொழிலாளியின் கூலியிலே வந்து விழுகின்றது. ஒரே பயிரை நம்பிய வாழ்வு எத்துணை நொய்தானது என்பதை மலைநாடு முன்னரே கண்டதுண்டு. 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தமையாலன்றோ தேயிலை இம்மலைகளை மூடியது?

உலகளாவிய உடன்படிக்கை பயன் தருமா என ஐயுறுவோர்க்கு 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை விடை கூறும். ஓசோன் படையைச் சிதைக்கும் பொருட்களை அது பெயர் சுட்டி விலக்கிற்று. விலக்குதற்குக் காலவரை குறித்தது. வளரும் நாடுகளுக்கு நீண்ட தவணை அளித்தது. 1990இல் அவற்றுக்கு உதவ நிதியமொன்றையும் நிறுவியது. தேயிலை வேர்களைத் தாக்கும் நூற்புழுவை ஒழிக்க இலங்கையிலே பயன்பட்ட மெதைல் புரோமைட்டும் அவ்வாறு விலக்கப்பட்ட பொருட்களுள் ஒன்று. தொலைநாட்டு மண்டபத்தில் எழுதிய விதி நாற்றுமேடை வரை வந்து சேர்ந்தமைக்கு இஃதொரு சான்று.

காலநிலை உடன்படிக்கைகளின் வரலாறு இத்துணை நேரியதன்று. ஓசோனைச் சிதைக்கும் பொருட்களைச் செய்தவை சில தொழிற்சாலைகளே. காபனீரொட்சைட்டோ மின்னிலையம், ஊர்தி, ஆலை என எங்கும் பிறக்கின்றது. 1992இல் ரியோவில் கைச்சாத்திடப்பட்ட சட்டக உடன்படிக்கை, பொறுப்பு யாவர்க்கும் பொதுவெனினும் அதன் அளவு வேறுபடும் என்னும் நெறியை நிறுவியது. 1997ஆம் ஆண்டின் கியோத்தோ ஒப்பந்தம் வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் குறைப்பளவை விதித்தது. ஐக்கிய அமெரிக்கா அதனை ஏற்புறுதி செய்யவில்லை. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் வேறு வழியை நாடிற்று. ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தானே வரையறுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும் என்றது. இதனால் ஏறக்குறைய எல்லா நாடுகளும் உட்பட்டன; ஆயினும் சொன்னதைச் செய்யாத நாட்டுக்குத் தண்டனை இல்லை. பரப்பு விரிந்தது, பிடி தளர்ந்தது.

நிதியின் நிலையும் அத்தகையதே. 2020ஆம் ஆண்டளவில் ஆண்டுதோறும் பத்தாயிரம் கோடி டொலர் திரட்டித் தருவதாக 2009இல் கோப்பன்கேகனில் வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. அத்தொகை 2022இலேயே எட்டப்பட்டது. இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதியம் வேண்டுமென்ற முடிவும் 2022ஆம் ஆண்டிலேதான் பிறந்தது.

இந்நிதி நாட்டின் திறைசேரிக்கு வந்தபின் லயத்துக்கு வருமா? இதுவே நம் வினா. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும், குடியிருக்க வேறு நிலமில்லாதார்க்கு எச்சரிக்கை மட்டும் என்ன செய்யும்? நிலம் அரசினது, 1992 முதல் பல தோட்டங்களின் நிருவாகம் கம்பெனிகளுடையது, இருவர்க்குமிடையே தொழிலாளியின் குடியிருப்பு. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புக்களுக்குப் பணஞ்செலவிடத் தடையாயிருந்த சட்டப்பிரிவுகூட 2018இல்தான் திருத்தப்பட்டது.

நாடுகளுக்கிடையே எழுந்த உடன்படிக்கை ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடல் தகுமா என்பர் சிலர். தலையிட வேண்டியதில்லை, கணக்குக் கேட்டல் போதும். நலிவுற்ற மக்களைக் கருத்திற் கொள்ளவேண்டும் எனப் பாரிஸ் ஒப்பந்தத்தின் ஏழாம் உறுப்புரையே கூறுகின்றது. அந்நெறி செயலாதற்கு மூன்று வேண்டும்: நாட்டின் திட்டத்திலே தோட்டக் குடியிருப்புக்கள் பெயர் சுட்டிக் குறிக்கப்படல், நிதி எவரைச் சென்றடைந்தது என்பது அறிக்கையில் வெளியிடப்படல், ஆபத்தான சரிவில் வாழ்வோர்க்கு உரிமையுடைய நிலம் பிறிதோரிடத்தில் வழங்கப்படல்.

உலகின் வெப்பத்தை மிகுவித்ததில் இலங்கையின் பங்கு நூறில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. தோட்டத் தொழிலாளியின் பங்கு அதனினும் அற்பம். காரணர் அல்லாதார் சுமக்கும் சுமையை இறக்குமாயின், அவ்வுடன்படிக்கையை நல்லது எனலாம். நாளை சட்டமும் விஞ்ஞானமும் பொருளியலும் கற்று அத்தகைய அவைகளில் அமரவிருக்கும் மாணவர், எழுதும் ஒவ்வொரு வாசகமும் எந்த லயத்தின் கூரையைக் காக்கும் எனத் தம்மையே வினவுவாராக.