சீனம் கற்காமல் சீனாவைக் கற்கலாமா?

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் அது பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே; காணிக்கை பெறுபவர்தாம் வேறு. ஒரு மொழியை மட்டும் அறிந்தவர் அக்கல்லின் மூன்றில் ஒரு பங்கைத்தான் படித்தவராவார்.

அறுநூறு ஆண்டுகள் கடந்தும் அரசுகளின் இந்த வழக்கம் மாறிவிடவில்லை. அதனால்தான், சீனாவை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் பன்னாட்டு உறவுகள் துறை மாணவர்கள், மாண்டரின் எனப்படும் சீனப் பொதுமொழியைப் பல்கலைக்கழகத்திலேயே முறையாகக் கற்க வேண்டும் என்கிறேன்.

தைவான் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். 1972இல் அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட ஷாங்காய் கூட்டறிக்கையிலும், 1979 ஜனவரி 1 முதல் தூதரக உறவுக்கு வழிவகுத்த கூட்டறிக்கையிலும், தைவான் பற்றிய சீனாவின் நிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்தான் உள்ளது. 'அப்படியொரு நிலை இருப்பதை அறிகிறோம்' என்பது அதன் பொருள். சீன வடிவத்திலோ 1972இல் 'ரென்ஷி தாவ்' என்றிருந்தது, 1979இல் 'செங்ரென்' என்றாயிற்று. முன்னது 'உணர்கிறோம்' என்பதோடு நிற்கிறது. பின்னது 'அங்கீகரிக்கிறோம்' என்ற பொருளையும் தருகிறது. ஆங்கில வடிவமே தன்னைக் கட்டுப்படுத்தும் என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு. ஆங்கில வடிவத்தை மட்டும் படிக்கும் மாணவருக்கு ஏழாண்டு இடைவெளியில் ஒரு சொல் மாறியதே தெரியாது.

பொருளாதாரத்திலும் இதே நிலைதான். சீனாவின் உள்கட்டமைப்புத் திட்டத்தின் பெயர், சீன மொழியில் தொடக்கம் முதலே 'ஒரு மண்டலம், ஒரு பாதை' என்ற பொருள் கொண்டது. 'ஒரு' என்ற சொல் பிற நாடுகளில் ஐயத்தைக் கிளப்பவே, 2015இல் சீன அரசு ஆங்கிலப் பெயரிலிருந்து மட்டும் அதை நீக்கி, 'முன்முயற்சி' என்ற சொல்லைச் சேர்த்தது. உள்நாட்டு வாசகர்களுக்கான சீனப் பெயர் மாறவில்லை.

இதில் என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1978க்குப் பிந்தைய சீனப் பொருளாதாரச் சீர்திருத்தங்களை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். சொன்னதெல்லாம் ஆங்கில நூல்களின் வழி வந்தவையே. சீனப் பொருளியலாளர் ஒருவர் தம் நாட்டவருக்காக எழுதிய ஒரு பக்கத்தைக்கூட நான் மூலத்தில் படித்ததில்லை.

சீனக் கல்வி நமக்குப் புதிதன்று. தாகூரின் சாந்திநிகேதனில் 1937இலேயே சீன பவனம் தோன்றிவிட்டது. எனினும், மொழி ஒரு கூரையின்கீழும் அரசியல் மற்றொரு கூரையின்கீழும் பயிற்றுவிக்கப்படுவதே இன்னும் நம் வழக்கம். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலேயே சீன மொழி ஒரு புலத்திலும், கிழக்காசிய ஆய்வு வேறொரு புலத்திலும் உள்ளன. மொழி கற்றவர் பெரும்பாலும் மொழிபெயர்ப்புப் பணிக்குச் செல்கிறார். அரசியல் கற்றவர் ஆங்கில நூல்களை நம்பியிருக்கிறார்.

2019இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவில், பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுக்கான எடுத்துக்காட்டுகளில் சீனமும் இருந்தது. கல்வான் மோதலில் நம் வீரர்கள் இருபது பேர் உயிரிழந்த அடுத்த மாதம், 2020 ஜூலையில் வெளியான இறுதி வடிவத்தில் அது இடம்பெறவில்லை. அன்றைய மனநிலை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், மாற்றுச் சான்று ஒன்று உண்டு. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அதிர்ந்துபோன அமெரிக்கா, மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, ரஷ்யன் உள்ளிட்ட அயல்மொழிக் கல்விக்கு நிதியளித்தது. போட்டியாளரின் மொழியைக் கற்பது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று. நமக்கு நாம் செய்துகொள்ளும் பாதுகாப்பு.

'கைப்பேசியே மொழிபெயர்க்கிறதே' என்று கேட்கலாம். இயந்திரம் சொல்லுக்குச் சொல் தரும். எந்தச் சொல்லை ஐயுற வேண்டும் என்பதை மொழியறிந்தவர்தாம் உணர முடியும்.

இம்மொழி எளிதன்று. நான்கு தொனிகளில் தவறினால் பொருள் மாறும். சீன அரசு 2013இல் வெளியிட்ட பட்டியலில் அடிப்படை எழுத்துகள் மட்டுமே 3,500. ஆங்கிலம் பேசும் தூதரக அலுவலர்கள் சீனத்தில் தேர்ச்சி பெற 2,200 வகுப்பு நேரம் தேவை என்பது அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. பிரெஞ்சு மொழிக்கு ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் ஒட்டவைத்த விருப்பப் பாடம் இதற்கு ஈடுகொடுக்காது.

எனவே, இளநிலை முதலாண்டிலேயே மொழிக் கல்வி தொடங்கி, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பாக நீள வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல் அரசின் பணி அறிக்கை, கட்சி நாளேடு, வணிக ஒப்பந்தம் ஆகியவையே பாடநூலாக வேண்டும். மொழி ஆசிரியரும் அரசியல் ஆசிரியரும் ஒரே ஆய்வேட்டைச் சேர்ந்து நெறிப்படுத்தலாம். சீனா செல்ல வாய்ப்பில்லாதபோது, மாண்டரின் வழங்கும் தைவானில் பயிற்சி பெறலாம்.

எல்லைப் பேச்சுவார்த்தை மேசையில் நம் தரப்பில் அமர்பவர், எதிர்த்தரப்பின் சொல்லை மூலத்தில் படித்தவராக இருக்க வேண்டும். அந்தத் தகுதிக்குப் பல ஆண்டுகள் தேவை. தேவை எழும் நாளில் தொடங்கினால் காலம் கடந்திருக்கும்.