நாய்க்குட்டியும் வீட்டுத் துப்புரவும்



சிங்கப்பூரில் டோபி காட் என்று ஓர் இடம் உண்டு. இன்று அங்கே நிலத்துக்கு அடியில் மூன்று இரயில் தடங்கள் சந்திக்கின்றன. முன்னாளில் அவ்விடத்தில் ஓர் ஓடை ஓடிற்று. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்துப் பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். டோபி என்றால் சலவையாளர். காட் என்றால் படித்துறை. துணி வெளுக்கிற எவருக்கும் தெரிந்த ஒன்று, கறையைக் காயவிடக் கூடாது என்பது. பாலோ இரத்தமோ பட்ட துணியில் முதலில் வெந்நீரை ஊற்றவும் கூடாது. ஊற்றினால் கறை நூலோடு இறுகிவிடும். நாய்க்குட்டியைப் பற்றிப் பேச வந்த நாம் சலவைத் துறைக்குப் போனது எதற்கு என்றால், குட்டி அசுத்தம் செய்த தரைக்கும் இதே பாடந்தான்.

லயத்து வீடுகளில் நடப்பது நமக்குத் தெரியும். பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு குட்டியைத் தூக்கி வருகிறார்கள். முதல் நாள் கொஞ்சல். மூன்றாம் நாள் பாயிலே ஈரம், குசினியிலே மலம். வேலைக்காட்டிலிருந்து களைத்து வந்த தாய்க்கு ஆத்திரம் வருகிறது. குட்டியின் மூக்கைப் பிடித்து அசுத்தத்திலே தேய்க்கிறார்கள். அல்லது கோணியில் கட்டித் தொலைவிலே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டியதில்லை.

குட்டிக்கு அடக்கும் சக்தி குறைவு. இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. தூங்கி எழுந்தவுடன், தின்ற கால் மணி அரை மணியில், ஓடி விளையாடியபின் அதற்கு அவசரம் வரும். தரையை மோந்துகொண்டு வட்டமிட்டால் நேரம் வந்துவிட்டது என்று அறியலாம். உடனே தூக்கிக்கொண்டு வெளியே ஒரே இடத்துக்குப் போக வேண்டும். அது குழாயடியாகவோ கீரைப் பாத்தியாகவோ இருக்கக் கூடாது. காரியம் முடிந்த அந்த நொடியிலேயே தடவிக்கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பாராட்டினாலும் அடித்தாலும் எதற்கென்று அதற்கு விளங்காது. அடிபட்ட குட்டி ஒன்றை மட்டும் கற்றுக்கொள்கிறது: மனிதர் பார்க்கும்போது இருக்கக் கூடாது, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போய் இருக்க வேண்டும் என்று!

இதே சிங்கப்பூரில் அடுக்குமாடியில் குடியிருப்போருக்கு முற்றம் இல்லை. அவர்கள் குளியலறை ஓரத்தில் செய்தித்தாளை விரித்துப் பழக்குகிறார்கள். வெளியே கூட்டிச் செல்லும்போது நாய் போட்டதை அள்ளாவிட்டால் அபராதம். தோட்டத்தில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அள்ளும் பழக்கமும் இல்லை. அந்தக் குறைக்குப் பின்னால் வருவோம்.

வீட்டுக்குள் இருந்துவிட்டால், ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துப் பச்சைத்தண்ணீரும் சவுக்காரமும் போட்டுக் கழுவுங்கள். பிறகு வினிகர் கலந்த நீரால் துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவங்கள் வேண்டாம். அவற்றின் நெடி சிறுநீர் நெடி போலவே இருப்பதால் குட்டி அதே இடத்துக்குத் திரும்பும். சிறுநீரின் மேல் குளோரின் திரவம் ஊற்றினால் எழும் ஆவி நம் மூச்சைத்தான் வருத்தும்.

சில குட்டிகள் தம் மலத்தைத் தாமே தின்னும். பார்க்க அருவருப்புத்தான். ஆனால் குட்டி பிறந்து மூன்று வாரம் வரை தாய்நாயே அதை நக்கித் தூய்மை செய்கிறது. குட்டி அதைப் பார்த்து வளர்கிறது. பசி, வயிற்றுப் புழு, தனிமை, அடிக்குப் பயந்து தடயத்தை மறைப்பது ஆகியவையும் காரணம். மிளகாய்த்தூள் தூவுவதை நாம் ஒப்புவதில்லை. நாளைக்கு மூன்று நான்கு வேளை சோறு கொடுத்து, கண்டவுடன் அள்ளிவிட்டால் பெரும்பாலும் வளர வளர மறந்துவிடும்.

இனி, அள்ளாமல் விடுவதன் விலை. கொக்கிப்புழு தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. ராக்பெல்லர் நிறுவனத்தாரின் உதவியுடன் இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களில் 1916-இல் அதை ஒழிக்கும் வேலை தொடங்கியது. அது பெரும்பாலும் மனித மலத்தால் பரவிய வகை. இலங்கையின் பெயரையே தாங்கிய இன்னொரு வகை உண்டு. அது நாய், பூனை, மனிதர் மூவரின் குடலிலும் வாழ்ந்து இரத்தத்தை உறிஞ்சும். நாயின் மலத்தோடு விழும் முட்டை ஈர மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு வாரமளவில் அந்தப் புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கும் பக்குவம் பெறும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் பெரும்பாலான நாய்களிடம் கொக்கிப்புழு இருந்தது. உருளைப்புழுவோ தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுகிறது. அதன் முட்டை மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தபின், மண்ணளையும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போனால் ஈரலையும் சில வேளை கண்ணையும் தாக்கும்.

கவனித்தீர்களா? இரண்டுக்கும் காத்திருக்கும் காலம் உண்டு. அன்றன்றே அள்ளி, கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் விலகி ஓரடி ஆழத்தில் புதைத்துவிட்டால் புழுவுக்கு அந்தக் காலம் கிடைக்காது. பிள்ளைகள் காலில் செருப்பு, சோற்றுக்குமுன் சவுக்காரக் கைகழுவல். குட்டிக்கு இரண்டு வார வயது முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டு வாரம் வரை புழுமருந்து. பிறகு மிருக வைத்தியர் சொன்னபடி. மனிதருக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். அளவு எடையைப் பொறுத்தது.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தியெடுத்து, இரத்தங்கலந்து கழிந்து, சுருண்டு படுத்தால் அது பழக்கக் குற்றமன்று. பார்வோ நோயாக இருக்கலாம். மறுநாள் பார்ப்போம் என்று வைக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் தூக்கிச் செல்லுங்கள்.