பூசணம் பிடித்த பிண்ணாக்கு பாலில் இறங்கும் வழி

பலெர்மோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள சியாகுல்லி, காலம் தாழ்த்திப் பழுக்கும் மாண்டரின் ஆரஞ்சுக்குப் பேர்போன இடம். சிசிலித் தீவில் ஆரஞ்சு வகைகளைச் சாறு பிழிந்தபின் மிஞ்சும் சக்கை மாட்டுக்கும் செம்மறிக்கும் தீவனமாகிறது. ஈரம் மிகுந்த இந்தச் சக்கையை அப்படியே போட்டுவைத்தால் சீக்கிரம் பூசணம் பூத்துவிடும். அதனால் உலர்த்தியோ, காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப்புல் போலப் பதப்படுத்தியோ வைக்க வேண்டும்.

நம் ஊரில் இந்தக் கவனம் கடலைப் பிண்ணாக்குக்கும் பருத்திக்கொட்டைக்கும் மக்காச்சோளத்துக்கும் வேண்டும். ஆனால் "மாடுதானே, எதையும் செரித்துவிடும்" என்று பச்சை படிந்த பிண்ணாக்கை ஊறவைத்துத் தொட்டியில் கொட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து.

அசையூண் வயிற்றின் வேலை

அசைபோடும் விலங்குகளின் முதல் வயிறான அசையூண் வயிற்றில் பாக்டீரியாக்களும் ஒருசெல் உயிரிகளும் கோடிகோடியாக வாழ்கின்றன. வைக்கோலைச் செரிக்க வைப்பவை இவைதாம். பூஞ்சை நச்சுகள் சிலவற்றை முறிப்பவையும் இவையே. ஓக்ராடாக்சின் என்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு. அதன் மூலக்கூறு, ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலமும் வேறொரு துண்டும் சேர்ந்த இணைப்பு. அசையூண் வயிற்றின் ஒருசெல் உயிரிகள் அந்த இணைப்பைத் துண்டிக்கின்றன. நச்சின் வீரியம் பெரும்பாலும் போய்விடுகிறது. மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் வரும் டீஆக்சினிவாலினால் நச்சையும் சில பாக்டீரியாக்கள் செயலிழக்கச் செய்கின்றன. மாட்டு வயிற்றிலிருந்து பிரித்தெடுத்த அத்தகைய ஒரு பாக்டீரியாவைப் பன்றித் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் அனுமதி தந்தது.

இந்தக் காவல் எப்போதும் ஒரே பலத்தோடு இருப்பதில்லை. பசும்புல்லையும் வைக்கோலையும் குறைத்து அடர்தீவனத்தை ஏற்றினால் வயிற்றின் நுண்ணுயிர்க் கூட்டம் மாறி, ஓக்ராடாக்சினை முறிக்கும் வேகம் குறைகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஜியராலினோன் என்ற நச்சை இதே உயிரிகள் அதைவிட வீரியமான வடிவமாக மாற்றிவிடலாம். அது பெண்மை ஹார்மோன் போல வேலை செய்து சினைப்பிடிப்பைக் கெடுக்கும்.

கோழிக்கும் பன்றிக்கும் இந்தப் பாதுகாப்பு குறைவு. அவற்றின் குடலில் நுண்ணுயிர்கள் மிகுதியாக இருப்பது பின்பகுதியில். நச்சின் பெரும்பகுதி அங்கு போய்ச் சேருமுன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. 1960-இல் இங்கிலாந்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அதன் காரணத்தைத் தேடியபோது அகப்பட்டதுதான் அஃப்ளாடாக்சின்.

முறியாத நச்சு

அஃப்ளாடாக்சினிடம் மாட்டின் வயிறும் தோற்றுப்போகிறது. அங்கு முறிவது மிகச் சிறு பங்குதான். மீதி ஈரலுக்குப் போய் அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. மாடு தின்ற நச்சில் பொதுவாக நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு இப்படிப் பாலுக்கு வரும். நிறையக் கறக்கும் மாடுகளில் இன்னும் கூடும். காய்ச்சினாலும் போகாது. தயிராக்கினாலும் பெருமளவு தங்கிவிடும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அவற்றுள் அதிகம் தமிழ்நாட்டில்: 551-இல் 88. அடுத்து டெல்லியும் கேரளமும். கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில் இந்தக் குறை அதிகம் இருந்தது. பாக்கெட் பால் என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கிற நாம் இதைக் கவலையோடு படிக்க வேண்டும். பால் கலப்படத்துக்குக் கொதிக்கும் அளவு தீவனத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பது என் மனக்குறை.

இந்தியாவில் வரம்பு ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.05. பலெர்மோவில் குடியேறியிருக்கும் இலங்கைத் தமிழர் வீட்டுக் குழந்தை குடிக்கும் பாலுக்கும் மதுரையில் ஒரு குழந்தை குடிக்கும் பாலுக்கும் சட்டம் இவ்வளவு வித்தியாசம் வைத்திருக்கிறது. அங்கும் ஆபத்து இல்லாமலில்லை. 2003, 2012 கோடைகளின் வறட்சியும் வெப்பமும் வட இத்தாலியின் மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சினைப் பெருக்கின.

மனிதருக்கு என்ன?

நீண்ட நாள் உடலில் சேரும் அஃப்ளாடாக்சின் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அபாயம் பல மடங்கு. ஒரேயடியாக நிறைய உள்ளே போனால் ஈரல் அப்போதே செயலிழக்கும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 106 பேர் இறந்தார்கள். அதே சோற்றைத் தின்ற நாய்களும் செத்தன.

தொழுவத்தில் செய்ய வேண்டியது

கடலையையும் சோளத்தையும் நன்றாகக் காயவைத்துச் சேமியுங்கள். மூட்டைகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். மழைக்காலத்தில் பிண்ணாக்கைப் பல வாரத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டாம். பூசணம் கண்ட பகுதியை மட்டும் உடைத்தெறிந்துவிட்டு மிச்சத்தைப் போடுவதும் தவறு, நச்சு கண்ணுக்குத் தெரியாது. சுருங்கிய, கசக்கும் கடலையை ஆட்டுக்கும் போடாதீர்கள், நீங்களும் தின்னாதீர்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தீவன மாதிரியைச் சோதனைக்கு அனுப்பலாம். நச்சை ஒட்டிப் பிடித்து வெளியேற்றும் பென்டோனைட் போன்ற களிமண் கலவையை அவர் பரிந்துரைக்கவும் கூடும்.

கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாட்களில் பாலில் எம்1 அநேகமாக மறைந்துவிடுகிறது.