ஒரே சபை, இரண்டு வீடு

தொடர் – 11

கொன்சாலோ பெர்னாண்டஸ் மதுரையில் பதினோரு ஆண்டு பாடுபட்டார். போர்ச்சுகல் நாட்டவர். இந்தியாவுக்குப் படைவீரராக வந்து, பிறகு இயேசு சபையில் சேர்ந்தவர். முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்காக மதுரைக்கு வந்துபோன பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். இத்தனை செய்தும் மதுரைக்காரர் ஒருவர்கூட அவருடைய வேதத்தில் சேரவில்லை.

1606 நவம்பரில் அதே வீட்டுக்கு இன்னொரு துறவி வந்து சேர்ந்தார். இத்தாலியப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை இராபர்ட் தெ நொபிலி. அவருக்கு வயது 29, பெர்னாண்டஸ் அறுபதைத் தாண்டியவர். தமிழ் கிறிஸ்தவ வரலாற்றில் ‘தத்துவ போதகர்’ என்று நாம் கொண்டாடுவது இந்த இளையவரைத்தான். தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததும், வடமொழி கற்ற முதல் ஐரோப்பியருள் அவரும் ஒருவர் என்பதும் பலருக்குத் தெரிந்த செய்தி. நான் இந்த வாரம் எழுத நினைப்பது வேறு. புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்று தவித்த இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் ஒருவரையொருவர் ஏன் எட்டவில்லை என்பதுதான்.

ஊரார் பெர்னாண்டஸைப் ‘பரங்கி’ என்றார்கள். மாட்டிறைச்சி தின்பவர், மது குடிப்பவர், எவரோடும் உட்கார்ந்து உண்பவர் என்று அதற்குள் எல்லாம் அடக்கம். மதுரைக்காரர் பார்வையில் கிறிஸ்தவம் ஒரு சமயமே அல்ல, அது பரங்கிகளின் சாதி. ஞானஸ்நானம் வாங்கினால் அந்தச் சாதிக்குள் விழுந்துவிடுவோம் என்று நினைத்தார்கள். பெர்னாண்டஸோ அந்தப் பெயரைத் தன் நாட்டவரைக் குறிப்பது என்று ஏற்றுக்கொண்டு, அதை வைத்தே தன் மதத்தையும் சொல்லிவந்தார். ஊர் அவரை வெறுத்தது என்று சொல்ல முடியாது. அவர் சொன்னது அவர்கள் காதில் வேறொன்றாக விழுந்தது, அவ்வளவுதான்.

நொபிலி வந்த சில மாதங்களிலேயே இதைக் கண்டுபிடித்தார். மேலதிகாரி ஆல்பர்ட்டோ லாயெர்சியோவின் சம்மதத்தோடு கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். காலில் மரக்குறடு. நெற்றியில் சந்தனம். ஒரு வேளைச் சோறு, காய்கறி, பால். புலால் இல்லை. பெர்னாண்டஸின் வீட்டை விட்டு விலகித் தனிக் குடிசையில் தங்கினார். சிவதருமர் என்ற பிராமணர் அவருக்கு வடமொழி கற்பித்தார். அந்நியருக்கு வேதத்தைச் சொல்லிக்கொடுப்பது அன்று எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நினைத்தால், அந்த ஆசிரியர் வைத்த நம்பிக்கையும் சிறியதல்ல. நொபிலியிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் பெர்னாண்டஸின் பள்ளியில் பாடம் நடத்திவந்த சைவ ஆசிரியர். ஏறத்தாழ இருபது நாள் இருவரும் உட்கார்ந்து வாதாடினார்கள். கடவுள், உயிர், மறுபிறப்பு என்று ஒன்றையும் விடவில்லை. அந்த ஆசிரியர் அதற்கு முன்பு தினமும் பெர்னாண்டஸின் கண்முன்னேதான் நடமாடினார்.

முதியவருக்கு அது எப்படி வலித்திருக்கும்!

வலி அதோடு நிற்கவில்லை. 1611இல் நொபிலி தன் வீட்டு வாசலில் ஓர் அறிவிப்பை வைத்தார். நான் பரங்கி அல்ல, பரங்கி நாட்டில் பிறந்தவனும் அல்ல, ரோமாபுரியில் அரச குலத்துக்கு ஒப்பான குடியில் பிறந்தவன், சத்திய வேதத்தைச் சொல்ல வந்தேன் என்பது அதன் சாரம். ஊருக்குத் தன்னைப் புரியவைக்க அவர் எழுதிய ஒவ்வொரு வரியும், சில தெருக்களுக்கு அப்பால் இருந்த பெர்னாண்டஸின் கண்ணுக்கு எப்படிப் பட்டிருக்கும்? ஒரே சபை, ஒரே வார்த்தைப்பாடு, ஒரே பலிபீடம். ஆனால் தம்பி ஊரார் முன்னால் அண்ணனோடு சேர்ந்து உண்ண மறுத்தார். கோயிலும் தனியாக இருந்தது. இந்த இடத்தில் என் மனம் பெர்னாண்டஸின் பக்கமே சாய்கிறது. அவருடைய வாதம் பல இடங்களில் தவறானது. ஆனால் அவருடைய காயம் உண்மையானது.

அதற்கு முந்தைய ஆண்டே, 1610 மே மாதம், அவர் ரோமில் இருந்த சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். இந்த இளைஞர் புற மதத்தாரின் சடங்குகளைக் கலக்கிறார், நம்மையே இழிவாகக் காட்டுகிறார் என்று. அதற்குப் பிறகு இரு பக்கமும் விளக்கங்கள், மறுப்புகள், விசாரணைகள். பூணூல் சமயச் சின்னமா, குல அடையாளமா? குடுமியும் சந்தனமும் குளியலும் பூசையா, நாகரிகமா? நொபிலி நூல்களை மேற்கோள் காட்டி, லத்தீனில் நீண்ட விளக்கங்கள் எழுதினார். வதந்தி வேகமாகப் பரவியது. அவருடைய நெருங்கிய உறவினரான கர்தினால் பெல்லார்மினே, தன் வீட்டுப் பிள்ளை விசுவாசத்தை விட்டுவிட்டதாக நம்பி மனம் நொந்து எழுதினார். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நொபிலி மதுரையில் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். எந்த ஊருக்காகத் தன்னை மாற்றிக்கொண்டாரோ அந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் செவிசாய்க்கிறது. பிறந்த வீடு அவரை அந்நியன் என்கிறது. விளக்கத்தைப் படித்த பிறகு பெல்லார்மின் மனம் மாறி அவருக்கு ஆதரவாக நின்றார். ஆனால் கடல் கடந்து கடிதம் போய் வருகிற அந்தக் காலத்தில், ஒருவர் மனம் மாறியது மற்றவருக்குத் தெரியவே ஆண்டுகள் ஆகும்.

நற்செய்தி நூல்களை இந்தக் கண்ணோடு வாசித்தால் ஒன்று புலப்படும். இயேசுவைச் சொந்தக்காரர்களே புத்தி பேதலித்தவர் என்று கருதிப் பிடித்துப்போக வந்ததாக மாற்கு எழுதுகிறார். பேதுரு அவரை மெசியா என்று சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த நொடியே அவருடைய பாடுகளைப் புரிந்துகொள்ளாமல் கடிந்துகொள்ளப்படுகிறார். தன்னைப் பற்றி மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று இயேசு கேட்டது உண்டு. ஆனால் அந்தப் பதிலுக்காக அவர் தன் வழியை மாற்றியதில்லை. பிதா தன்னை அறிந்திருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சமாரியப் பெண்ணின் கதை இன்னும் நெருக்கமானது. உச்சி வெயிலில், தனியே தண்ணீர் எடுக்க வந்தவள். தன் வாழ்க்கை முழுவதும் தெரிந்த ஒருவரைக் கிணற்றடியில் சந்திக்கிறாள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, என்னைப் பற்றி எல்லாமே சொல்லிவிட்டார் என்று சந்தோஷமாகக் கூவுகிறாள். யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தாளோ அது தெரிந்த பிறகும் தள்ளிவிடாத ஒருவர்! நம் எல்லாருடைய ஏக்கமும் அதுதான். முப்பது வருடம் ஒரே வீட்டில் சமைத்துப் போட்ட பெண்ணும், பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கிய தகப்பனும் ‘என்னை யாருமே புரிஞ்சிக்கல’ என்று சொல்லும்போது அவர்கள் பாராட்டைக் கேட்கவில்லை. அந்தக் கிணற்றடியைத்தான் தேடுகிறார்கள்.

கடவுள் அறிவார் என்ற விசுவாசம் நொபிலியைத் தாங்கியது என்றே நம்புகிறேன். இல்லாவிட்டால் பத்து ஆண்டுக்கு மேல் சந்தேகத்தின் நிழலில் இருந்துகொண்டு வேலை செய்திருக்க முடியாது. ஆனால் அதே விசுவாசத்தைச் சாக்காக வைத்து, பக்கத்து மனிதரின் வலிக்குக் காது கொடுக்காமல் இருந்துவிடலாமா? சைவ ஆசிரியருக்கு இருபது நாள் கொடுத்தவர், பெர்னாண்டஸுக்கு எத்தனை நாள் கொடுத்தார் என்ற கேள்வி என்னை விடவில்லை. யூதருக்காக யூதரைப் போலவும், பலவீனருக்காகப் பலவீனரைப் போலவும் ஆனதாகப் பவுல் எழுதியதை வழிகாட்டியாகக் கொண்டவர் நொபிலி. பெர்னாண்டஸும் அந்தப் பலவீனருள் ஒருவர்தானே?

பெர்னாண்டஸையும் நாம் முழுக்க அறியவில்லை. ஊர் வழக்கங்களைக் கண்டுகொள்ளாத கிழவர் என்றே அவரைச் சித்திரிப்பார்கள். ஆனால் 1616இல் அவர் பிராமணர்களின் வழக்கங்களையும் சடங்குகளையும் பற்றிப் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு பெரிய நூல் எழுதி முடித்தார். தன் வாதத்தை நிரூபிக்கத்தான் எழுதினார். இருந்தாலும், அதற்காக அவர் எத்தனை பேரிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்! அந்த நூல் அச்சேற 1973 வரை காத்திருக்க நேர்ந்தது.

1619இல் கோவாவில் பேராயர் தலைமையில் கூடிய மாநாட்டில் நொபிலியே நேரில் நின்று பேசினார். பேராயர் அவருக்கு எதிராகவே இருந்தார். வழக்கு ரோமுக்குப் போனது. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி தந்த ஆணை, சில நிபந்தனைகளோடு பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் அனுமதித்தது. நொபிலி வென்றார் என்று நம் நூல்கள் இங்கே முடித்துவிடும். அதே ஆணை, உயர்குடியினர் தாழ்ந்தோரை இகழக்கூடாது, தேவவசனத்தைக் கேட்கும்போதும் அருளடையாளங்களைப் பெறும்போதும் அவர்களிடமிருந்து ஒதுங்கக்கூடாது என்று மன்றாடியதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

அந்த மன்றாட்டை மதுரை மிஷன் நிறைவேற்றவில்லை. பிராமண சந்நியாசியாக வாழ்ந்த குரு, ஒடுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அவர்களும் கிறிஸ்துவை நாடி வந்தபோது, 1640 வாக்கில், அவர்களுக்கென்று பண்டாரசுவாமிகள் என்ற தனிக் குருக்களை ஏற்படுத்தினார்கள். ஒரு சபையில் தொடங்கிய இரண்டு வீடு, இப்போது கோயிலுக்குள்ளும் வந்துவிட்டது. மேட்டுக்குடியினருக்குத் தன்னைப் புரியவைக்க நொபிலி கொடுத்த விலையில் ஒரு பங்கை, அவரிடம் வந்து பேசவே முடியாதவர்கள் செலுத்தினார்கள். பண்டாரசுவாமிகளின் கதையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.