நண்டுப் படம் போட்ட நோட்டீஸ்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி எங்கள் கைக்கு வந்த முதல் நோட்டீஸில், புற்றுநோய்க்கு அடையாளமாக, பெரிய நண்டுப் படம் இருந்தது. எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்துப் பூதலூர்ப் பக்கம் வயல் நண்டு என்றால் ரசம். சளி பிடித்த பிள்ளைக்கு இடித்து வைத்துக் கொடுப்பார்கள். நடவு இடைவேளையில் வரப்பில் உட்கார்ந்திருந்த ஒருவர் அந்த நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இனிமே நண்டு திங்கக் கூடாதுங்களா நர்சம்மா?" என்று கேட்டார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. படத்தை அவர் சரியாகத்தான் படித்தார். வரைந்தவர்தான் அவரை நினைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தமிழக அரசு முதலில் நடத்திப் பார்த்த மாவட்டங்கள் இரண்டு: தஞ்சாவூரும் தேனியும். அதற்கு வழி காட்டியது திண்டுக்கல். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த டாக்டர் ஆர். சங்கரநாராயணன், அடையாறு புற்றுநோய் நிலையத்தாரோடும் அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனையாரோடும் சேர்ந்து 2000-இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

செய்முறை எளிது. ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரில் உள்ள அதே அமிலத்தை நீர்க்கக் கலந்து, கர்ப்பப்பை வாயில் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். அது புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உறையவைத்து அழித்துவிடலாம்.

30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். 2007-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. அழைக்கப்படாத ஊர்களைவிட அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைவு. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கு இவ்வளவு பலன்.

எனக்கென்னவோ வராத 18,000 பேர் மேல்தான் கண். அவர்கள் ஏன் வரவில்லை என்று எங்கள் ஊரை வைத்துச் சொல்வேன். நடவு நாளில் வந்தால் கூலி போச்சு. மாமியாரிடம் என்னவென்று சொல்லிக்கொண்டு கிளம்புவது? பார்ப்பது ஆம்பிளை டாக்டரோ என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேல், "நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?"

அமெரிக்காவில் ஹார்வர்டில் இருக்கும் கே. விஸ்வநாத் என்ற நம் நாட்டு ஆராய்ச்சியாளர் பல வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறார்: பணம், நிலம் போலச் செய்தியும் சமமாகப் பங்காவதில்லை. வசதியும் படிப்பும் உள்ளவருக்கு முதலில் போய்ச் சேரும். அதைக் கேட்டு நடக்கவும் அவருக்குத்தான் தோது இருக்கும். நோட்டீஸ் இன்னும் ஆயிரம் அடித்தால் அந்த இடைவெளி கூடுமே தவிரக் குறையாது.

வேலையில் இருந்தபோது நான் நோட்டீஸை மூட்டையிலேயே விட்டுவிட்டு நூறு நாள் வேலை நடந்த இடத்துக்குப் போவேன். முதலில் மாமியார்களிடம் பேச்சு. தீட்டு நின்ற பிறகு மறுபடி படுதல், உறவுக்குப் பிறகு ரத்தம், நாற்றமடிக்கிற வெள்ளைப்படுதல் என்று நோயின் அறிகுறிகளைச் சொல்ல ஆரம்பித்தால், முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டி தன் அக்கா செத்த கதையைச் சொல்வார். அதற்கு மேல் மருமகளை அவரே அனுப்பிவைப்பார். பிறகு நடக்கப் போவதை அப்படியே விவரிப்பேன்: படுக்க வேண்டும், ஒரு கருவி வைப்போம், ஊசியில்லை, கத்தியில்லை, பார்ப்பது பெண்தான், ஐந்து நிமிடம்.

வந்து பார்த்துக்கொண்டதோடு முடியாது. திண்டுக்கல் ஆய்விலேயே முன்நிலை மாற்றம் இருந்தவர்களில் சிகிச்சை பெற்றது 72 சதவீதம்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது சுலபம். அது அரிசிப் பானைக்குள் போய்விடும். அதனால் அங்கேயே உட்கார்ந்து பேசுவேன். "வெளுத்துத் தெரிஞ்சா புத்துன்னு அர்த்தமில்ல அக்கா. தஞ்சாவூர் இராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போறீங்க? கூட யாரு வர்றா? ஆடு மாட்டை யார்கிட்ட விட்டுட்டு வருவீங்க?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் சீட்டில் கையெழுத்து.