புகார் கொடுப்பது தெய்வக்குற்றம் ஆகாது

1960ஆம் ஆண்டு. டப்ளின் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 13 வயது மேரி காலின்ஸ் சிகிச்சைக்காகச் சேர்ந்திருந்தார். நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய பாதிரியார் இரவில் அவரிடம் அத்துமீறினார். மறுநாள் காலையில் அதே கை அவருக்கு நற்கருணை அப்பத்தை நீட்டியது. தன்னிடம்தான் ஏதோ கெட்டது இருக்கிறது என்று அந்தச் சிறுமி நம்பிக்கொண்டே வளர்ந்தார். நாற்பது வயதை நெருங்கும்போது துணிந்து இன்னொரு பாதிரியாரிடம் வாய் திறந்தார். தப்பு உன்னுடையதாகவும் இருக்கலாம், மன்னித்துவிட்டேன் என்கிற தொனியில் பதில் வந்தது. மறுபடியும் பேச அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

சமயத்தின் பெயரால் ஏற்படும் காயம் மற்ற காயங்களைவிட ஆழமாக இறங்குவதற்குக் காரணம் இதுதான். துன்பம் வந்தால் எங்கே போய் அழுவோமோ, அந்த இடமே துன்பத்துக்குக் காரணமாகிவிடுகிறது. நம் ஊரில் வாயை அடைக்கச் சொல்லும் வார்த்தைகளும் தயாராக இருக்கின்றன. ‘சாமியார்மேல் பழி போட்டால் குடும்பம் விளங்காது’, ‘ஃபாதர் பேரைக் கெடுத்தால் சபைக்கே அவமானம்’, ‘உஸ்தாத்மேல் புகார் கொடுத்தால் மதரஸாவையே மூடிவிடுவார்கள்’. மதம் வேறுவேறு, மிரட்டல் ஒன்றே.

சட்டம் இந்த மிரட்டலுக்கு இடம் கொடுக்கவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், சமய நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் குற்றம் செய்தால் அதைக் கூடுதல் கடுமையான குற்றமாகப் பார்க்கிறது. இந்த வகையில் வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டுச் சிறை. விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தன்கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ‘உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்’ என்று பெரியவர்கள் காவல்துறைக்குச் சொல்லாமல் விடுவதே அவர்களைக் குற்றவாளிகளாக்கிவிடும்.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர், கூடுமானவரை பெண் காவலர், வாக்குமூலம் பெற வேண்டும். அடையாளம் வெளியே வரக் கூடாது. இந்தச் சட்டத்தில் புகாருக்குக் காலவரம்பு இல்லை என்றும், சிறுவயதில் பாதிக்கப்பட்டவர் வளர்ந்த பிறகும் புகார் தரலாம் என்றும் மத்திய அரசு 2018இல் தெளிவுபடுத்தியது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பரில். அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும்.

சாமியார் ஆசாராம் பாபு மீதான பாலியல் வழக்கில் புகார் கொடுத்த சிறுமியின் பெற்றோர் அவருடைய தீவிர பக்தர்கள். சம்பவம் நடந்தது ஜோத்பூரில், புகார் பதிவானது டெல்லியில். எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்ற ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ வசதி அவர்களுக்குக் கைகொடுத்தது. 2018 ஏப்ரலில் ஆசாராமுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குள் சாட்சிகள் தாக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். ஆபத்து வெறும் கற்பனையல்ல என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசாராம் தொடர்பான வழக்குகளின் சாட்சிகளில் ஒருவரான மகேந்தர் சாவ்லாவும் மற்றவர்களும் தொடுத்த மனுவில்தான், 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மிரட்டல் வந்தால் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுக்கலாம்.

கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளும் ஒரு வழி உண்டு. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொண்டுவந்த விதிகளின்படி, குருக்களும் துறவியரும் தங்களுக்குத் தெரியவரும் அத்துமீறலை மேலிடத்துக்கு அறிவித்தாக வேண்டும். புகார் தருபவரிடம் ‘வெளியே சொல்லாதே’ என்று சத்தியம் வாங்கக் கூடாது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கில், சொல்வது புகாராகாது. அங்கே கேட்டதைக் குரு எவரிடமும் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வெளியே, எழுத்தில், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். அதுவும் காவல்துறைப் புகாருக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து.

சரி, நீதி கிடைத்தால் நம்பிக்கையும் திரும்பிவிடுமா? சிலே நாட்டின் ஹுவான் கார்லோஸ் குரூஸ் தந்தையை இழந்த இளவயதில் சாந்தியாகோவின் செல்வாக்கு மிக்க பாதிரியார் ஃபெர்னாண்டோ கராதிமாவிடம் போய்ச் சேர்ந்து, அவராலேயே சீரழிக்கப்பட்டார். காலவரம்பு முடிந்துவிட்டதென்று நீதிமன்றம் கைவிரித்தது. கராதிமாவின் குற்றங்களை மூடி மறைத்ததாக ஓர் ஆயர்மேல் குரூஸ் சொன்ன புகாரை, 2018 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸே அவதூறு என்றார். விசாரணைக்குப் பின் அதே ஆண்டு தன் பிழையை ஒப்புக்கொண்டு, குரூஸைத் தம் இல்லத்துக்கே வரவழைத்து மன்னிப்புக் கேட்டார். கராதிமாவின் குருத்துவம் பறிக்கப்பட்டது. 2019இல் சிலே, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குக் காலவரம்பையே நீக்கியது. இத்தனைக்குப் பிறகும் விசுவாசத்தை விடாத குரூஸ், 2021இல் வத்திக்கானின் சிறார் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரானார்.

அவரோடு போராடிய ஹோசே ஆந்திரேஸ் முரியோ வேறு பாதையில் போனார். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான அறக்கட்டளை ஒன்றைத் தோழர்களோடு தொடங்கினார். தொடக்கத்தில் சொன்ன மேரி காலின்ஸும் அதே வத்திக்கான் ஆணையத்தில் இருந்தவர். பாதிக்கப்பட்டோரின் கடிதங்களுக்குப் பதில் போடக்கூட அதிகாரிகள் மறுத்ததைப் பொறுக்காமல் 2017இல் விலகினார். நிர்வாகத்தின் மீதுதான் நம்பிக்கை போனது, கடவுள்மீது அல்ல என்பது அவர் நிலை. ஆகவே திரும்பும் வழி ஒன்றே என்று யாரும் விதிக்க முடியாது. வேறு பங்கு ஆலயத்தில் கடைசி இருக்கையில் உட்காரலாம், வீட்டு விளக்கின் முன் மட்டும் கும்பிடலாம், திரும்பாமலே இருக்கலாம். மனச்சாட்சிச் சுதந்திரம் நம் அரசமைப்பின் 25ஆம் பிரிவு தரும் உரிமை.

வீட்டார் செய்ய வேண்டியது, ‘மன்னிச்சிடு, கோயிலுக்கு வா’ என்று அவசரப்படுத்தாமல் இருப்பது. பரிகாரமும் உபவாச ஜெபமும் மனநல சிகிச்சைக்கு ஈடாகாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. கோயில், சபை, ஜமாஅத் எதுவானாலும் நிர்வாகிகள் இந்த எண்களையும், புகாரை யாரிடம் தருவது என்பதையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் எழுதி வைக்கலாம். இதற்குத் தனி உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.