செங்கற் சுவர்கள் மறைத்து வைத்த வழிபாடு

இங்கிலாந்தின் கிழக்கே நோர்போக் மாவட்டத்திலுள்ள ஒக்ஸ்பரோ மாளிகையை முதன்முதலில் காண்பவர் அதனைக் கோட்டையென்றே எண்ணுவர். நாற்புறமும் அகழி, வாயிலின் இருமருங்கும் உயர்ந்த கோபுரங்கள், உச்சியில் கோட்டை மதில்களுக்குரிய பல்வரிசை என அனைத்தும் அதில் உண்டு. எனினும் வாயிற்கோபுரத்தின் முகப்பிலேயே அகன்ற சாளரங்கள் அமைந்துள்ளன. பீரங்கிகள் வழக்கிலிருந்த அக்காலத்தில் இத்தகைய கட்டடம் முற்றுகையைத் தாங்கியிராது. குடும்பத்தின் அந்தஸ்தை உலகறியச் செய்வதே இதன் முதன்மை நோக்கம் எனலாம்.

மதில்முடி அமைக்க 1482 ஆம் ஆண்டு அரச அனுமதி பெற்ற சேர் எட்மண்ட் பெடிங்பீல்டே இதனைக் கட்டுவித்தார். நல்ல கட்டடக் கல் அரிதாகவும் களிமண் தாராளமாகவும் கிடைத்த அப்பிரதேசத்தில் செங்கல்லே செல்வந்தரின் பெருமைக்குரிய பொருளாக விளங்கிற்று. 1487 இல் ஏழாம் ஹென்றி மன்னரும் இங்கு விஜயம் செய்தார்.

ஆனால், இக்குடும்பத்துக்கான சோதனை நாட்டின் சட்டத்தினூடாகவே வந்தது. 1559 இல் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் புரட்டஸ்தாந்து வழிபாடு அனைவர்க்கும் கட்டாயமாக்கப்பட்டது. கத்தோலிக்க நெறியைக் கைவிட மறுத்தோர் தண்டப்பணம் செலுத்த நேர்ந்தது. வெளிநாட்டில் குருத்துவம் பெற்றுவந்த கத்தோலிக்கக் குருமார் நாட்டில் இருப்பதையே 1585 ஆம் ஆண்டுச் சட்டம் தேசத்துரோகமாக்கியது. அவர்களுக்கு அடைக்கலம் அளிப்போருக்கும் மரண தண்டனை காத்திருந்தது. கத்தோலிக்கர்களாகவே நிலைத்த பெடிங்பீல்ட் குடும்பத்தினரின் வாயிற்கோபுரத்தில், தள ஓடுகள் பதித்த மூடியின் கீழ், குருமார் பதுங்குவதற்கான சிற்றறை ஒன்று இன்றும் உள்ளது.

கத்தோலிக்கருக்கு 1829 இல் அரசியல் உரிமைகள் மீளக் கிடைத்த பின்னர், 1836 இல் மாளிகை வளவிலேயே சிற்றாலயம் ஒன்று பகிரங்கமாக எழுந்தது. 1950களின் தொடக்கத்தில் மாளிகை விற்கப்பட்டு இடிக்கப்படும் நிலை ஏற்பட்டபோது, குடும்பத்துப் பெண்கள் மூவர் தம் வீடுகளை விற்று அதனை மீட்டனர். 1952 இல் அது நஷனல் ட்ரஸ்ட் எனும் மரபுரிமைக் காப்பு நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டது.

2020 இல் கூரைத் திருத்த வேலைகளின்போது, மேல்மாடத்தில் 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலத்தீன் சங்கீத ஏட்டின் துண்டொன்றும் 1568 இல் அச்சிடப்பட்ட பிரார்த்தனை நூலொன்றும் வெளிப்பட்டன.

வழிபாட்டைத் தடுக்கும் சட்டம் அதனை அழித்துவிடுவதில்லை. வீட்டின் மறைவிடங்களுக்கே தள்ளிவிடுகின்றது. அவ்வாறு மறைந்து வாழ நேர்ந்தவர்களின் சான்றாக நிற்பதே ஒக்ஸ்பரோவின் உண்மையான பெறுமதியாகும்.